ஆறு வடிந்தால்தான் தூண்டில்: ரியோ நெக்ரோ காட்டு விடுதிகளின் பின்னணி

பிரேசிலின் மனாஸ் துறைமுகத்தில் ரியோ நெக்ரோ ஆற்றின் நீர்மட்டத்தை 1902ஆம் ஆண்டிலிருந்து குறித்து வருகிறார்கள். வெள்ளக் காலத்துக்கும் வற்றிய காலத்துக்கும் இடையே அங்கே ஆறு சராசரியாகப் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. ஏறக்குறைய மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம் அது. 2021 ஜூன் மாதத்தில் நீர்மட்டம் 30.02 மீட்டரைத் தொட்டது, 2024 அக்டோபரில் 12.11 மீட்டருக்கு இறங்கியது. அமேசான் காட்டுக்குள் இருக்கும் ஒரு விடுதிக்குத் தூண்டிலோடு விடுமுறை செல்ல எண்ணுபவர், அறைகளின் படங்களையும் பிடிபட்ட மீன்களின் படங்களையும் பார்ப்பதற்கு முன்பு இந்த எண்களைப் புரிந்துகொள்வது நல்லது. அந்த விடுமுறையின் காலம், இடம், கிடைக்கும் மீன் ஆகிய மூன்றையும் தீர்மானிப்பது விடுதிக்காரர் அல்லர், வடியும் ஆறு. மீனைத் தூண்டிலுக்கு எட்டும்படி ஒதுக்கித் தருவதும், அதே மீனை எளிதில் அழியக்கூடிய நிலையில் நிறுத்துவதும் அந்த ஒரே வடிதல்தான் என்பதால், இத்தொழிலைச் சுற்றியுள்ள விதிகளும் தகராறுகளும் உடன்படிக்கைகளும் அங்கிருந்தே பிறக்கின்றன.

ரியோ நெக்ரோ என்றால் கரிய ஆறு என்று பொருள். கொலம்பியாவில் தோன்றி மனாஸ் அருகே அமேசானின் முதன்மை ஓட்டத்தோடு கலக்கும் இந்த ஆறு, உலகின் கருநீர் ஆறுகளில் மிகப் பெரியது. மணற்பாங்கான மண்ணில் விழுந்து முழுமையாக மட்காத இலைதழைகளின் சாறு நீரில் இறங்குவதால் அந்த நிறம் வருகிறது. ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு பார்த்தால் அது சேறு கலங்கிய நீராக இராது, பால் சேர்க்காத தேநீரைப் போலத் தெளிவாகவே இருக்கும்; ஆழமான இடத்தில் பார்க்கும்போதுதான் கருமையாகத் தெரியும். 1850 முதல் 1852 வரை இந்த ஆற்றில் பயணம் செய்த இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், அமேசான் ஆறுகளை வெண்ணீர், நீலநீர், கருநீர் என்று பிரித்துக் காட்டினார். ஊர் திரும்பும் வழியில் கப்பல் தீப்பிடித்து அவர் சேகரித்தவற்றில் பெரும்பகுதி அழிந்தபோதும், ரியோ நெக்ரோவின் மீன்களைப் பார்த்து அவர் வரைந்த இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் தப்பின. இன்று இந்த ஆற்றுப் படுகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீனினங்கள் பதிவாகியுள்ளன.

இனங்கள் இவ்வளவு இருந்தாலும் இது வளம் குறைந்த நீர் என்பதை மறந்துவிடக் கூடாது. மிகப் பழமையான, மழையால் அரித்துக் கழுவப்பட்ட நிலத்தின் வழியாக வருவதால் நீரில் தாது உப்புகள் மிகக் குறைவு, அமிலத்தன்மை அதிகம். ஆண்டிஸ் மலையின் வண்டலைச் சுமந்து வரும் வெண்ணீர் ஆறுகளில் புல்லும் பாசியும் செழிப்பதைப் போல இங்கே செழிப்பதில்லை. இங்குள்ள மீன்களுக்குச் சோறு போடுவது காடு. வெள்ளம் கரையைத் தாண்டி மரங்களுக்குள் புகும்போது, மீன்களும் கூடவே புகுந்து உதிரும் பழங்களையும் விதைகளையும் பூச்சிகளையும் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்கின்றன. கருநீர் மூழ்கடிக்கும் இந்தக் காட்டை அங்கே இகப்போ என்கிறார்கள். மாதக்கணக்கில் மரங்களின் நடுத்தண்டு வரை நீர் நிற்கும் அந்தக் காட்டுக்குள் மீன் எங்கே இருக்கிறது என்று சொல்ல அந்த ஆற்றிலேயே பிறந்து வளர்ந்தவராலும் இயலாது. எவ்வளவு செலவழித்து வந்தவராக இருந்தாலும், அந்த மாதங்களில் அவருடைய தூண்டில் கிளைகளில் சிக்குமே தவிர மீனில் சிக்குவது அரிது.

பிறகு ஆறு வடியத் தொடங்குகிறது. நடு ரியோ நெக்ரோவில் பொதுவாக செப்டம்பர், அக்டோபர் தொடங்கி பிப்ரவரி அல்லது மார்ச் வரை நீர் தாழ்ந்திருக்கும் காலம். ஒவ்வொரு கிளையாற்றுக்கும் இது சில வாரங்கள் முன்பின்னாக அமையும். காடு வறண்டு வெண்மணல் திட்டுகள் தலைகாட்டும்போது, ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரில் சிதறிக் கிடந்த மீன்கள் ஆற்றின் தாய் ஓட்டத்துக்கும், ஓடைகளுக்கும், ஆற்றோடு ஒரு குறுகிய வாய்க்காலால் மட்டும் இணைந்திருக்கும் மடுக்களுக்கும் ஒதுங்குகின்றன. சிறு மீன்களுக்கு ஒளிந்துகொள்ள மரவேர்கள் இல்லாமல் போக, அவற்றைத் தின்னும் பெரிய மீன்கள் அந்த மடுக்களின் வாயில் காத்து நிற்கின்றன. விடுமுறைக்கான பருவம் என்று விளம்பரங்கள் சொல்வது இந்தச் சில மாதங்களைத்தான்.

வந்திறங்குபவர்களில் பெரும்பாலோர் தேடி வருவது துக்குனரே என்னும் மீனை. ஆங்கிலத்தில் பீகாக் பாஸ் என்று பெயர் வைத்துவிட்டாலும் அது பாஸ் வகை அன்று. நாம் ஜிலேபிக் கெண்டை என்று அழைக்கும் மீன் சேர்ந்திருக்கும் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. வாலின் அடியில் மயிற்பீலிக் கண்ணைப் போல ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிப் பொன்னிற வளையமும் இருக்கும். இக்குடும்பத்தின் துக்குனரே இனங்களிலேயே பெரியதான துக்குனரே-அசு 13 கிலோவுக்கு மேல் வளரக்கூடியது. 2010இல் சாந்தா இசபெல் பகுதியில் பிடிபட்ட 13.19 கிலோ மீன் உலகச் சாதனையாகப் பதிவாகியது. உடல் முழுதும் வெள்ளைப் புள்ளிகளோடு மெலிந்திருக்கும் துக்குனரே-பாக்கா வேறு இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. இரண்டும் ஒரே இனம்தான், இனப்பெருக்கப் பருவம் வரும்போது புள்ளிகள் மங்கி மூன்று கரும்பட்டைகளும் பச்சையும் பொன்னுமான நிறமும் ஏறுகின்றன என்பதை ஆய்வாளர்கள் பிற்பாடு நிறுவினார்கள். அந்தப் பருவத்தில் ஆண்மீனின் நெற்றியில் ஒரு திமிலும் எழும்பும்.

இந்த மீன் தூண்டிலில் பாயும் விதம்தான் மனிதர்களைக் கண்டம் தாண்டி இழுத்து வருகிறது. ஒரு சாண் நீளமுள்ள, வாலில் சிறு உலோக விசிறி பொருத்திய மரத்தாலான செயற்கை இரையை மடுவின் ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் மரத்தை ஒட்டி வீசுகிறார்கள். கோலை வெடுக்கென்று இழுக்கும் ஒவ்வொரு முறையும் விசிறி நீரைக் கிழித்து ஓசை எழுப்புகிறது. இழுப்பு, நிறுத்தம், இழுப்பு. பத்து முறை, ஐம்பது முறை எதுவும் நடப்பதில்லை. பிறகு ஒருமுறை, இரைக்குப் பின்னால் நீர் ஒரு கை அகலத்துக்கு உப்பி வருவது தெரிகிறது. அடுத்த கணம் ஒரு குடம் தண்ணீரை மேலே எறிந்தது போல அந்த இடம் வெடிக்கிறது. 30 கிலோ எடையையும் தாங்கும் பின்னல் நரம்பை இங்கே பயன்படுத்துவதற்குக் காரணம், கொக்கி ஏறியதும் மீன் நேராக மூழ்கிய மரக்கிளைகளுக்குள் பாய்ந்து நரம்பைச் சுற்றிவிடும் என்பதே. பாயவிட்டுப் பிறகு களைப்படையச் செய்யலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது, முதல் சில நொடிகளில் தடுத்து நிறுத்தினால்தான் உண்டு. கனமான இரையை நாள் முழுதும் நூற்றுக்கணக்கான முறை வீசுவது தோளையும் மணிக்கட்டையும் வருத்தும் வேலை. அதனால் பலர் நண்பகலுக்குப் பின் முடி கட்டிய சிறிய இரைகளுக்கு மாறிக்கொள்கிறார்கள். மீன் எண்ணிக்கையில் அதுவே பெரும்பாலும் முந்துகிறது.

நீரின் மேற்பரப்பில் நிகழும் அந்தத் தாக்குதலுக்குப் பசி மட்டுமே காரணமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விரால் தன் பார்ப்புகளைக் கூட்டமாகக் காத்துத் திரிவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துக்குனரேயின் தாயும் தந்தையும் சேர்ந்தே முட்டையையும் குஞ்சுகளையும் காக்கின்றன, அருகில் வரும் எதையும் பாய்ந்து விரட்டுகின்றன. நீர்ப்பரப்பில் மழைத் தூறல் விழுவது போலக் குஞ்சுகள் துள்ளும் இடத்தைக் கண்டு இரையை வீசினால் பெரிய மீன் உறுதியாகத் தாக்கும் என்பது வழிகாட்டிகள் அனைவருக்கும் தெரியும். அந்த மீனை இழுத்து, படம் எடுத்து, எடை பார்த்துத் திரும்ப விடுவதற்குள் காவலற்ற குஞ்சுகளைப் பிரான்ஹாக்களும் பிற மீன்களும் தின்றுவிடக்கூடும். உயிரோடு விடப்பட்ட மீன் ஒன்றும், அதற்குப் பின்னால் காணாமற்போன ஒரு தலைமுறையும் என்று இதைப் பார்ப்பதே சரி என்று நான் கருதுகிறேன். குஞ்சுக் கூட்டத்தின் மேல் இரை வீச வேண்டாம் என்று சொல்லும் வழிகாட்டி, தன் விருந்தினருக்குக் கிடைத்திருக்கக்கூடிய மிகப் பெரிய மீனை வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறார். அவருக்குக் கிடைக்கும் அன்பளிப்பு அதனால் குறையக்கூடும் என்பதையும் அறிந்தே விட்டுக்கொடுக்கிறார்.

பிடித்த மீனை விட்டுவிடுவது பயன் தருகிறதா என்ற கேள்விக்கு ஓரளவு விடை உண்டு. ரியோ நெக்ரோவில் செயற்கை இரையால் பிடித்த துக்குனரேக்களைச் சில நாள் அடைத்துவைத்துக் கண்காணித்து 2014இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், ஆராயப்பட்ட மூன்று துக்குனரே இனங்களிலும் இறப்பு ஏறத்தாழ 2 முதல் 5 விழுக்காட்டுக்குள் அடங்கியது. விதிப்படி கையாண்டால் பெரும்பாலான மீன்கள் பிழைக்கின்றன என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அடைத்துவைத்த மீனை ஆற்று டால்பின் தின்னாது. ரியோ நெக்ரோவின் இளஞ்சிவப்பு டால்பின்கள் மோட்டார்ப் படகின் ஓசைக்குப் பழகிவிட்டன. களைத்துப்போன மீன் ஒன்று தண்ணீருக்குத் திரும்பும் என்பதை அறிந்து சில இடங்களில் படகைத் தொடர்ந்தே வருகின்றன. அப்போது அனுபவமுள்ள வழிகாட்டி மீனை உடனே விடுவதில்லை. படகை ஆழமில்லாத கரைக்கு ஒதுக்கி, வாலடியைப் பற்றி மீனை நீருக்குள் நிமிர்த்திப் பிடித்தபடி, செவுள் மூடி சீராகத் திறந்து மூடும் வரை காத்திருக்கிறார். டால்பின் மூச்சுவிடும் ஓசை விலகிப்போன பிறகு, வேர்கள் நீரில் இறங்கியிருக்கும் பக்கமாக மீனைத் திருப்பிக் கையை எடுக்கிறார். இதற்கு ஐந்து நிமிடம் ஆகலாம். அவசரப்படாத விருந்தினர் அமைவது அந்த மீனின் நற்பேறு.

பின்நோக்கிய கூர் நீக்கிய முட்களும், மூன்று முள் கொண்ட கொக்கிகளுக்குப் பதிலாக ஒற்றை முள் கொக்கிகளும், ரப்பர் வலையும், ஈரக் கையும் எல்லாம் இந்த நோக்கத்துக்காகவே. கூர் நீக்கிய முள் மனிதருக்கும் நல்லது; மருத்துவமனை ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கும்போது, இந்த விடுமுறைகளில் மிகச் சாதாரணமாக நேரும் காயம் கையில் ஏறும் கொக்கிதான்.

இனி தொலைவைப் பற்றி. காட்டு விடுதி ஏன் இவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கேட்டால், தனிமையும் இயற்கையும் என்று விளம்பரம் சொல்லும். உண்மையான காரணம் பனிக்கட்டி. மனாஸ் போன்ற நகரங்களிலிருந்து கிளம்பும் வணிக மீன்பிடிப் படகுகள் பனிக்கட்டியை நிரப்பிக்கொண்டு செல்கின்றன, அது கரைவதற்குள் மீனோடு திரும்பியாக வேண்டும். ஆகவே பனிக்கட்டி எட்டும் தூரம் வரை பெரிய மீன் குறைந்துகொண்டே வருகிறது, அதற்கப்பால்தான் முதிர்ந்த மீன் மிஞ்சியிருக்கிறது. வளமற்ற கருநீரில் உணவுச் சங்கிலியின் உச்சியில் வாழும் ஒரு மீன் எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கும். போனதை ஈடுசெய்யவும் பல ஆண்டுகள் ஆகும். ஆறு வடிந்து மீன் முழுதும் மடுக்களுக்குள் ஒதுங்கியிருக்கும் காலத்தில் வாய்க்காலின் குறுக்கே வலை கட்டினால், சில நாட்களில் ஒரு மடுவையே துடைத்துவிடலாம். விருந்தினர் தரும் பல ஆயிரம் டாலரில் பெரும்பகுதி அந்த எல்லையைக் கடந்து செல்வதற்கான செலவுதான்.

அந்த எல்லையைக் கடப்பது எளிதன்று. மனாஸிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தொலைவில், பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை தெற்கே இருக்கும் பார்செலோஸ் நகரம்தான் இந்தப் பகுதியின் வாயில். அங்கே சிறு விமானத்தில் இறங்கி, மாடிப் படகு ஒன்றிலோ இழுத்துச் செல்லப்படும் மிதக்கும் அறைகளிலோ நிலையான விடுதியிலோ தங்குகிறார்கள். சிலர் ஆற்றின் மேலேயே இறங்கும் மிதவை விமானத்தில் நேராக விடுதிக்குப் போகிறார்கள். 2023 செப்டம்பர் 16 அன்று மனாஸிலிருந்து வந்த ஒரு விமானம் கனமழையில் பார்செலோஸில் இறங்கும்போது விபத்துக்குள்ளாகி, அதிலிருந்த 14 பேரும் உயிரிழந்தார்கள். பயணிகள் தூண்டில் விடுமுறைக்காகச் சென்றுகொண்டிருந்தவர்கள். தொலைவு என்பது விளம்பரத்தில் எழுதப்படும் ஓர் அழகுச் சொல் மட்டும் அன்று என்பதை இதைவிட வேதனையாகச் சொல்ல முடியாது. எந்த விமானம், எந்த வானிலையில் பறக்க மறுப்பார்கள், அவசரத்தில் நோயாளியை எப்படி வெளியே எடுத்துச் செல்வார்கள் என்று முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்பவரை எந்த நல்ல விடுதியும் தொந்தரவுக்காரராகக் கருதாது.

உடல்நலம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கருநீரின் அமிலத்தன்மையாலும் வளக்குறைவாலும் கொசுப் புழுக்கள் அங்கே குறைவு என்பது உண்மையே. மாலையில் வலையில்லாமல் திண்ணையில் உட்கார முடிவது வெண்ணீர் ஆறுகளில் கிடைக்காத சுகம். அதனால் மலேரியா இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நடு, மேல் ரியோ நெக்ரோவின் நகராட்சிகளில் மலேரியா இன்றும் இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். மணல் திட்டில் இறங்கி நடப்பவர் பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகர்த்த வேண்டும். மணலுக்குள் புதைந்திருக்கும் நன்னீர்த் திருக்கை அந்த அதிர்வில் விலகிப்போகும், மிதித்தால் வாலின் முள்ளால் கொட்டிவிடும்.

இவ்வளவு ஏற்பாட்டோடு போனாலும் ஆறு ஒத்துழைக்க வேண்டும். வற்றிய பருவத்தின் நடுவில் மேற்புறத்தில் பெய்யும் மழையால் ஆறு திடீரென்று சில நாட்களுக்கு ஏறுவதுண்டு. அதை அங்கே ரெப்பிகேட்டி என்கிறார்கள். கரையில் நட்ட குச்சி காலையில் பார்க்கும்போது ஒரு முழம் மூழ்கியிருந்தால் வழிகாட்டிகளின் முகம் மாறிவிடும். நேற்று வரை மடுவின் வாயில் நின்ற மீன், நீர் ஏறிய வேரடிகளுக்குள் மீண்டும் புகுந்திருக்கும். ஓரிடத்தில் நிலைத்த விடுதிக்கு அப்போது செய்யக்கூடியது அதிகமில்லை. மிதக்கும் அறைகளுக்கும் படகு விடுதிகளுக்கும் அதிக விலை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேறு கிளையாற்றைத் தேடிப் போக அவற்றால் முடியும். பார்செலோஸ் அருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட மரியுவா தீவுக்கூட்டம் இருப்பதால் ஒதுங்க இடங்களுக்குப் பஞ்சமில்லை.

மறுபக்கத்தில், வடிதல் அளவு மீறும்போதும் கேடு நேர்கிறது. 2023லும் 2024லும் அடுத்தடுத்து வந்த வறட்சிகளில் மனாஸின் நீர்மட்டம் நூறாண்டுப் பதிவுகளையும் கடந்து தாழ்ந்தது. படகுகள் மணலில் தட்டின, ஆற்றையே சாலையாகக் கொண்ட ஊர்களுக்குப் பொருட்கள் போய்ச் சேரவில்லை. சுருங்கிய, சூடேறிய நீரில் உயிர்வளி குறைவாக இருக்கும். அத்தகைய மடுவில் களைக்கக் களைக்க இழுக்கப்பட்ட மீன் பிழைப்பது கடினம். எளிதாக மீன் கிடைக்கும் நாள், மீனை விட்டுவைக்க வேண்டிய நாளாகவும் ஆகிவிடுகிறது. அந்த வாரத்துக்குப் பணம் கட்டி வந்தவரிடம் இதை எடுத்துச் சொல்வது ஒரு விடுதிக்கு எவ்வளவு கடினம் என்பதை உணர்ந்தே இதை எழுதுகிறேன்.

அந்த மடுக்கள் யாருடையவை என்ற கேள்வியே எல்லாவற்றிலும் பெரியது. வெளியாருக்கு விளையாட்டாக இருக்கும் மீன், ஆற்றோரத்தில் வாழ்பவர்களுக்கு அன்றாட உணவு. பார்செலோஸில் நெடுங்காலமாகக் கார்டினல் டெட்ரா என்னும் சிறு வண்ணமீனை அள்ளி வளர்ப்புத் தொட்டிகளுக்காக ஏற்றுமதி செய்து பிழைத்தவர்கள் பலர். அந்த வணிகம் நலிந்தபோது அவர்களில் ஒரு பகுதியினர் படகோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். இன்னும் மேலே, பழங்குடி நிலங்களில் நிலைமை வேறு. பிரேசிலின் 1988ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 231ஆவது பிரிவு, பழங்குடியினர் மரபாக வாழும் நிலத்திலுள்ள மண், ஆறு, ஏரி ஆகியவற்றின் வளங்களை அனுபவிக்கும் தனியுரிமையை அவர்களுக்கே அளிக்கிறது. ஆயினும் தூண்டில் சுற்றுலா வளர்ந்த காலத்தில், ஒப்பந்தமின்றியும் அற்பத் தொகைக்கும் படகுகள் அந்த ஆறுகளுக்குள் நுழைந்தன. அதனால் ஊர்களுக்கிடையே பிணக்குகளும் மூண்டன.

அதற்கு மாற்றாக எழுந்த முயற்சிகளில், ரியோ நெக்ரோவின் கிளையாறான மரியே ஆற்றின் ஏற்பாடு அதிகம் பேசப்படுவது. 1987இல் அமைந்த ரியோ நெக்ரோ பழங்குடி அமைப்புகளின் கூட்டமைப்பும், கீழ்ப்பகுதிச் சமூகங்களின் சங்கமும், பழங்குடி நலனுக்கான அரசு நிறுவனமான ஃபுனாயும், அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான இபாமாவும் பங்கேற்ற நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2014இல் அங்கே மீன்பிடிச் சுற்றுலா முறைப்படி தொடங்கியது. ஒரே ஒரு நடத்துநர், வாரத்துக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்படாத விருந்தினர், பிடித்த மீன் அனைத்தும் திரும்ப ஆற்றுக்கு, வருவாயில் ஒரு பங்கு சமூகங்களுக்கு, ஆற்றின் வாயில் சமூகத்தாரே நடத்தும் காவல் என்பவை அதன் சாரம். அடுத்த ஆண்டு, 2015இல், பழங்குடி நிலங்களில் சுற்றுலாவுக்கான விதிமுறையை ஃபுனாய் வெளியிட்டது. சமூகத்தின் ஒப்புதலும் எழுத்திலான திட்டமும் இல்லாமல் அத்தகைய நிலத்தில் மீன்பிடிச் சுற்றுலா நடத்த இப்போது வழியில்லை. பனிக்கட்டிப் படகுகளைத் தடுத்து நிறுத்தும் ஆள்பலம் எந்த அரசு அலுவலகத்துக்கும் அங்கே இல்லை. அந்த ஆற்றங்கரையில் ஆண்டு முழுதும் வாழ்பவர்களுக்கே அது உண்டு என்பதால், பங்கு அவர்களுக்குப் போவது நியாயத்தால் மட்டுமன்றித் தேவையாலும் சரியானது.

எனவே விடுதியைத் தேர்வு செய்பவர் விடுதிக்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டு ஏடுகள். ஒன்று, கடந்த சில ஆண்டுகளில் அதே வாரத்தில் அந்தக் கிளையாற்றின் நீர்மட்டம் எவ்வளவு இருந்தது என்பது. மற்றொன்று, அன்றன்று பிடித்து விட்ட ஒவ்வொரு மீனின் நீளத்தையும் வழிகாட்டிகள் குறித்து வைக்கும் பதிவேடு. மாலை 6 மணிக்கு மேல் விரைவில் இருட்டிவிடும் அந்த ஊரில், படகைக் கட்டிவிட்டு விளக்கடியில் அமர்ந்து அவர்கள் எழுதும் அந்த எண்கள் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்து வந்தால், அந்த மடுக்களில் முதிர்ந்த மீன்கள் குறைந்து வருகின்றன என்று பொருள். அறைகளின் படங்கள் அதைக் காட்டுவதில்லை.